பழைய குரலுக்குப் புதிய பெயர்

பொருள்களின் ஆதியைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஏனுங்க ஐயா, வால்பாறைக்குப் பக்கத்துல ஆண்டிப்பாறைச் சோலையில புதுத் தவளை ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்கன்னு என்ற பேரன் எங்கேயோ படிச்சுட்டு வந்து சொல்றான். நான் எஸ்டேட்ல கவாத்து வெட்டினவன். என்ற வீட்டுக்காரி கொழுந்து பறிச்சவ. மழை விட்ட ராத்திரியில லைன் வீட்டு வாசல்ல உக்காந்தா தவளைச் சத்தம் கேக்காத நாளில்லீங்க. அப்புறம் அது எப்படிங்க புதுசாகும்?
— ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, வால்பாறை

பதில்: பதில் சொல்லப் புகுமுன் இந்தப் பெரியவரின் வழக்கை ஒப்புக்கொண்டுவிடுவதே முறை. ஆண்டிப்பாறைத் தவளை புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரைமார்கள் ஆனைமலைக் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்ததற்கும், ஏன், மனிதன் என்றொரு பிராணி அம்மலையின்மேல் முதன்முதலாகக் கால் வைத்ததற்கும் நெடுங்காலம் முன்பே அதன் முன்னோர்கள் அங்கே இலைமறைவில் குடியிருந்து இரவுதோறும் குரல் கொடுத்து வந்தார்கள். புதியது அதன் பெயரும், அப்பெயரோடு சேர்ந்து அச்சேறிய வர்ணனையுமே. 2009-ஆம் வருஷம், டில்லிப் பல்கலைக்கழகத்து எஸ்.டி. பிஜு என்பவரும் பெல்ஜியம் தேசத்து பிராங்கி பொஸ்ஸைட் என்பவரும், மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளைப் பற்றி லண்டன் லின்னேயஸ் சங்கத்தின் விலங்கியல் சஞ்சிகையில் நீண்டதோர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டு, பன்னிரண்டு இனங்களை அதில் புதியனவாக அறிமுகம் செய்தார்கள்; அந்தப் பன்னிரண்டனுள் சுஷீலி என்னும் பெயர் பெற்றதற்கு ஆதார ஸ்தலமாகக் குறிக்கப்பட்டிருப்பது வால்பாறையை அடுத்த ஆண்டிப்பாறைச் சோலையே. சோலை என்ற நம்முடைய சொல், மலைக்காடு என்ற பொருளில், எழுத்துச் சிதையாமல் ஆங்கில ஆராய்ச்சி ஏடுகளில் உட்கார்ந்திருப்பதைக் காணும்போது உண்டாகும் சிறு சந்தோஷத்தை நான் மறைத்துக்கொள்ளப் போவதில்லை.

தலைமுறை தலைமுறையாக உழுது விதைத்து வந்த நிலமேயானாலும், தாலுகா கச்சேரியில் பட்டா எழுதப்படும் அன்றுதான் சர்க்காரின் கண்ணுக்கு அந்நிலம் உண்டாகிறதல்லவா? பிராணி சாஸ்திரத்திலும் அதே சம்பிரதாயம்தான். காட்டில் ஒரு தவளையைப் பார்த்துவிடுவது கண்டுபிடிப்பு ஆகாது. இதுவரை பெயரிடப்பட்ட எதனோடும் அது சேராது என்பதை ருசுப்படுத்தி, எவ்வெவ்வாறு சேரவில்லை என்று அங்கம் அங்கமாக எழுதி, ஆதார மாதிரியாக ஓர் உடலைப் பொதுக் காட்சிசாலையில் ஒப்படைத்து, இவ்வளவையும் பலரும் படிக்கும்படி பிரசுரம் செய்த பிறகே பட்டா கைக்கு வரும்.

ருசுப்படுத்துவது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை ஊகிக்க, இந்தப் புதர்த்தவளைக் குலத்தில் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இவற்றில் பல, மூக்கு நுனியிலிருந்து உடலின் பின்கோடி வரை அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்; கட்டைவிரலின் மேற்கணுவில் தாராளமாக உட்காரக்கூடியவை. அந்தச் சிற்றுடலில் செவிப்பறையின் அகலம், கண்ணுக்கும் நாசிக்கும் உள்ள தூரம், விரல் நுனித் தட்டின் விட்டம், கால்விரல்களை இணைக்கும் சவ்வு எந்தக் கணு வரை நீள்கிறது என்பது, முதுகுத் தோல் வழவழப்பா சொரசொரப்பா என்பது, ஆகிய யாவற்றையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து குறிக்கிறார்கள். நிறத்தை நம்பலாமா என்றால், ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் இருக்கும். போதாக்குறைக்கு, சாராயத்தில் இட்டுவைத்தால் உயிருள்ள நிறமெல்லாம் வெளுத்துவிடும். சென்னை ராஜதானியின் வனத்துறையில் உத்தியோகம் பார்த்த கர்னல் பெட்டோம் என்னும் ஆங்கிலேயர், ஆனைமலை முதலிய தென்மலைகளில் அலைந்து சேகரித்த ஜந்துக்களை லண்டனுக்கு அனுப்ப, அங்கே குந்தர் என்னும் பண்டிதர் 1876-இல் அவற்றுள் பலவற்றுக்கு நாமகரணம் செய்தார். இன்று ஒரு தவளையைப் புதியது என்று சொல்ல நினைப்பவர், நூற்றைம்பது வருஷ காலமாகச் சீசாவுக்குள் வெளுத்துக் கிடக்கும் அந்தப் பழைய உடல்களோடும் தம்முடையதை ஒப்பிட்டுத் தீர வேண்டும்.

உடலைப் பார்த்துத் தீராத சந்தேகத்தைக் குரல் தீர்க்கும். இக்குலத்து ஆண் தவளை இரவில் இலைமீது அமர்ந்து தொண்டைப் பையை ஊதும்போது, அது அநேகமாகத் தன் தலையையே விழுங்கிவிடும் அளவுக்குப் பெருத்து, விளக்கொளியில் கண்ணாடிக் குமிழி போல் ஊடுருவித் தெரியும். அதிலிருந்து எழும் ஒலி இனத்துக்கு இனம் வேறு. ஒன்று டிக் டிக் என்று கடிகாரம் போலத் தட்டும். இன்னொன்று உலோகத்தைத் தட்டியதுபோல் கணீரென்னும். பெண் தவளை இந்த வேற்றுமையை வைத்துத்தான் தன் இனத்து ஆணைத் தேர்ந்துகொள்கிறதாகையால், ஜாதி நிர்ணயத்தில் அதன் தீர்ப்பை மிஞ்சிய தீர்ப்பு இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பாம்பின் காதுக்கு எட்டியவரையில் அது உண்மையாக இருக்கலாம். ஒலிப்பதிவுக் கருவி வந்த பிறகு, கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்த பல தவளைகள் தம் வாயாலேயே தனித்தனிப் பெயர் பெற்றுக்கொண்டன. அதற்கு மேலும் ஐயம் இருந்தால், உயிரணுவின் மரபுக் குறிப்புகளைப் படித்து, எது எதனிடமிருந்து எப்போது பிரிந்தது என்று வம்சாவளி எழுதுகிறார்கள்.

ஆகவே, மழை விட்ட ராத்திரிகளில் பெரியவரும் அவருடைய வீட்டம்மாளும் கேட்டது ஒரு சத்தமாக இராது. நாலைந்து இனங்களின் கச்சேரியாகவே இருந்திருக்க வேண்டும். அதைத் தாளம் தாளமாகப் பிரித்துக் கேட்பதற்கு ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரவில்லை என்பது தவளையின் குற்றமுமல்ல, கவாத்துக் கத்தியோடு பகலெல்லாம் நின்றவரின் குற்றமுமல்ல.

இவ்வளவு இனங்கள் ஒரு மலைத்தொடரில் எப்படி உண்டாயின என்று அடுத்து ஒருவர் கேட்பார்; முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் பொள்ளாச்சிப் பக்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி வீசும் காற்றுக்கு வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயை எண்ணிப் பாருங்கள். நமக்கு அது ரயில் பாதை, லாரிப் பாதை, காற்றுப் பாதை. மலையின் குளிர்ச்சியும் ஈரமும் இல்லாமல் தோல் உலர்ந்து மடிந்துபோகும் ஒரு சிறு தவளைக்கோ, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வெப்ப வெளி ஒரு மகா சமுத்திரம். வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலையிலுமாகப் பிரிந்து நின்ற குடும்பங்கள் ஒன்றையொன்று சந்திக்க வழியின்றி, லட்சக்கணக்கான வருஷங்களில் உருவத்தாலும் குரலாலும் வேறு வேறாயின. உதகைப் பக்கத்துப் புதர்களில் கூவும் சில இனங்கள் ஆனைமலையில் இல்லாமற்போனதும், இங்குள்ளவற்றில் சில அங்கே காணப்படாததும் இதனாலேயே. ஒரே மலைக்குள்ளும் ஒவ்வோர் உயரத்துக்கு ஒவ்வொரு தவளை என்று பங்கு பிரிந்திருக்கிறது. உலகம் அறியாதவனைக் கிணற்றுத் தவளை என்று ஏசுகிறோம். ஒரு சோலையையே உலகமாகக் கொண்ட இந்தத் தவளைக்கு அந்தச் சோலையை வெட்டிவிட்டால் போக்கிடம் வேறில்லை என்பதை ஏசுகிறவர்கள் கவனித்தால் நல்லது.

கேள்வி: சுஷீலி என்றால் பெண் பெயர் போலிருக்கிறதே! இந்தப் பெயர்களையெல்லாம் யார், எதை வைத்துச் சூட்டுகிறார்கள்?
— கல்லூரி மாணவி, பீளமேடு

பதில்: பெண் பெயர் அல்ல, ஒரு புருஷனின் பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நீர்நில வாழ்வனவற்றைத் தொகுத்து 1997-இல் புத்தகம் எழுதிய சுஷீல் குமார் தத்தா என்னும் விஞ்ஞானியைக் கௌரவிப்பதற்காக, லத்தீன் இலக்கணப்படி ஆண்பாலுக்குரிய ஆறாம் வேற்றுமை விகுதியான இகரத்தை இறுதியில் சேர்த்து, சுஷீலி, அதாவது சுஷீலுடையது, என்று ஆக்கினார்கள். பெயரை வைக்கும் உரிமை வர்ணனையை முதலில் பிரசுரித்தவருக்கு உரியது. தம் பெயரையே வைத்துக்கொள்வது மட்டும் மரியாதை அல்லவென்று கருதப்படுகிறது.

சுஷீலி என்பதற்கு முன்னால் நிற்கும் குலப்பெயரின் கதை இதைவிட ரசமானது. பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பேராசிரியராக இருந்த சி.ஆர். நாராயண ராவ், தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த முதல் இந்தியர்களுள் தலையாயவர். ஆனைமலையின் பெயர் தாங்கிய ஒரு புள்ளித்தவளை உட்படப் பல இனங்களை 1937-இல் வர்ணித்தவர். துரதிருஷ்டவசமாக, அவர் சேமித்து வைத்த மாதிரிகள் பிற்காலத்தில் காணாமற்போய்விட்டன. 1932-இல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' சஞ்சிகைக்கு முதல் ஆசிரியரும் அவரே. 2010-இல், ஆனைமுடியின் உச்சியில் செம்மஞ்சள் நிறத்தில் நடமாடும் ஒரு தவளையை வர்ணிக்கப் புகுந்த பிஜு முதலியோர், இந்தச் சிறு புதர்த்தவளைகளைத் தனிக் குலமாகப் பிரித்து, ராவ் என்ற பெயரோடு, கிரேக்கத்தில் ஆடுபவன் என்று பொருள்படும் ஆர்க்கெஸ்டெஸ் என்பதைக் கூட்டி, ராவோர்க்கெஸ்டெஸ் என்று அழைத்தார்கள். ராவின் கூத்தன் என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அக்கட்டுரை வெளிவந்ததும் அதே கரண்ட் சயின்ஸ் இதழிலேதான். ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பத்திரிகையே அவருக்குச் செய்த மரியாதை போலும்.

கேள்வி: தவளை தண்ணீரில்தானே முட்டையிடும்? புதரிலும் மரத்திலும் இருக்கும் தவளைக்குத் தலைப்பிரட்டை எங்கே நீந்தும்?
— விவசாயி, காங்கேயம்

பதில்: நீந்துவதே இல்லை. நாம் பேசிவரும் புதர்த்தவளைக் குலத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியில் கிடையாது. சருகினடியிலோ ஈர இலையிலோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே அப்பருவம் கழிந்து, அரிசி மணியளவுள்ள முழுத் தவளையாகவே குஞ்சு வெளிப்படுகிறது. குளம் குட்டை வேண்டியதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் போதும். இக்குலத்திலேயே குந்தர் 1876-இல் பெயரிட்ட சாலசோடீஸ் என்னும் தவளை, நூற்றுமுப்பது வருஷங்களுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்றென்று கருதப்பட்டு, 2011-இல் மீண்டும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. பின்னர்க் களக்காடு முண்டந்துறைக் காட்டில் அதைக் கவனித்தவர்கள், அது மூங்கிலின் கணுவிடையில் பூச்சி குடைந்த சிறு பிளவின் வழியாக உட்புகுந்து, அந்தக் குழலுக்குள்ளேயே முட்டையிட, ஆண் தவளை உள்ளிருந்து காவல் காக்கிறது என்று கண்டார்கள். மூங்கிலுக்குள் குடியிருப்பவனைப் புதரில் தேடினால் எப்படி அகப்படுவான்?

கேள்வி: கோயமுத்தூரோடு சம்பந்தப்பட்டவர் யாருடைய பெயராவது தவளைக்கு உண்டா?
— பள்ளி ஆசிரியர், அன்னூர்

பதில்: உண்டு. ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சுப்பிரமணியம் பூபதி, பறவையியலைத் தன் பெயரில் கொண்ட அந்த நிலையத்தில் இருந்துகொண்டு ஆமைகளையும் பாம்புகளையும் ஆராய்ந்தவர். பரத்பூர்ச் சரணாலயத்து மலைப்பாம்புகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி பெயர் பெற்றது. 2014 ஏப்ரலில் அகத்தியமலைக்குக் கள ஆய்வுக்காகச் சென்றவர் திரும்பி வரவில்லை. மலையிலேயே விபத்தில் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2017-இல், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்த ஓர் இனத்துக்கு ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் நாசிகபத்ராகஸ் பூபதி என்று பெயர் சூட்டினார்கள்.

இது நாம் இதுவரை பேசிய கூத்தர்களின் குலம் அன்று. நாசிகா என்ற சமஸ்கிருதச் சொல்லே சொல்வதுபோல மூக்கு முன்தள்ளிய, ஊதா நிறத்துப் பருத்த தவளை. மண்ணுக்கடியில் கறையானைத் தின்று காலம் கழித்து, இனப்பெருக்கத்துக்காக வருஷத்தில் சில நாட்களே மேலே வருவது. இதன் அண்ணன் முறையான இனம் இடுக்கியில் கிடைத்து 2003-இல் வர்ணிக்கப்பட்டபோது, இதற்கு மிக நெருங்கிய பந்துக்கள் கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில்தான் இருக்கிறார்கள் என்பது தெரியவந்து, அத்தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து வம்சம் இது என்று உலகத்து விஞ்ஞானிகள் வியந்தார்கள்.

இடுக்கித் தவளை தென்மேற்குப் பருவ மழையை ஒட்டி வெளியே வந்து ஓடைகளில் முட்டையிடுகிறது. பூபதியின் பெயர் பெற்ற தவளையோ மலையின் கிழக்குச் சரிவில், நம் கொங்குச் சீமையைப் போலவே மழைமறைவில் இருப்பதால், ஆனியிலும் ஆடியிலும் மண்ணுக்குள்ளேயே பொறுத்திருந்து, ஐப்பசி மழை பாறையில் வழியத் தொடங்கிய பிறகுதான் மேலே வருகிறது.