நூல் கணக்கு

பொத்தேரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா போனில் எல்லாம் சொன்னாள். ஊரப்பாக்கத்தில் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த நீ குனிந்த நிலையிலேயே நிமிர முடியாமல் போய், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்களாம். இடுப்பில் பிடித்து இடது கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கிறது என்றாள். அந்த வலியை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வந்தபோது வயது 37. உனக்கு 31. ஆறு வருஷம் முந்திக்கொண்டாய், வேறொன்றுமில்லை.

முதலில் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்பு. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வும், ஐந்தாவதுக்குக் கீழே இருக்கும் ஜவ்வும்தான் பெரும்பாலும் பிதுங்குகின்றன. பிதுங்கியது பக்கத்து நரம்பை அழுத்தும்போது காலில் வலி இறங்குகிறது. பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அதற்காக மாதக்கணக்கில் படுத்தே கிடக்கக் கூடாது, மெதுவாக நடமாட வேண்டும். ஆனால் தொடைகளின் நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தெரியாமல் போனாலோ, காத்திராதே. நள்ளிரவானாலும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடு. இதை அம்மாவிடமும் சொல்லி வை.

வலி தணிந்ததும் பெல்ட் கட்டிக்கொண்டு பழைய வேலைக்கே போய்விடலாம் என்று உனக்குத் தோன்றும். நான் அதைத்தான் செய்தேன். இரண்டு வருஷம் சட்டைக்குள் பெல்ட், மாதம் ஒரு ஊசி. மேஸ்திரிக்குத் தெரிந்தால் ஆளை மாற்றிவிடுவார் என்று பயந்து, வலிக்கும்போதெல்லாம் பீடி பிடிக்கப் போவதுபோல் ஒதுங்கிப் போவேன். அந்த இரண்டு வருஷத்தில்தான் நான் வேறு வேலை கற்றிருக்க வேண்டும். முழுக்க முறிந்த பிறகு கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது வீட்டில் அரிசி வாங்கக் காசில்லை. இதில் மட்டும் என்னைப் பின்பற்றாதே.

இனி உறவுக்காரர்கள் வரிசையாக வந்து யோசனை சொல்வார்கள். வாட்ச்மேன் வேலை என்பார் ஒருவர். உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்று நினைப்பு. 12 மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நம் மாதிரி முதுகுக்கு உட்காருவதும் ஒரு சுமைதான். ஆட்டோ வாங்கு என்பார் இன்னொருவர். ஜி.எஸ்.டி. சாலையின் பள்ளங்களில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போவதற்குக் கம்பியே கட்டலாம். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பிப் பெட்டிக்கடை போடு என்பார்கள். இங்கே ஸ்டேஷனைச் சுற்றி ஏற்கெனவே கடையோடு கடை ஒட்டிக் கிடக்கிறது. செமஸ்டர் விடுமுறை வந்தால் தெருவே காலி. இவர்கள் யாரும் உனக்குக் கெட்டது நினைக்கவில்லை. உன் 12 வருஷத் தொழிலை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு யோசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

தொழிலைத் தூக்கிப் போடாமல் யோசிக்க ஒரு வழி சொல்கிறேன். நம் பக்கத்து மறைமலை நகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு தொழிற்சாலை உனக்குத் தெரியும். 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஹென்றி ஃபோர்டு 1922-இல் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிலாளர் விஷயத்தில் அவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் நிறைய உண்டு, அதை விடு. அந்தப் புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது. தன் தொழிற்சாலையில் நடக்கும் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணச் சொன்னாராம். மொத்தம் 7,882 வகை வேலை. அவற்றில் நல்ல வாட்டசாட்டமான ஆள்தான் வேண்டும் என்பவை 949. சாதாரண பலம் போதும் என்பவை 3,338. மீதி 3,595 வேலைக்கு உடல் பலமே தேவையில்லை. ஒரு கால் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637, ஒரு கை உள்ளவர் செய்யக்கூடியவை 715, கண் தெரியாதவர் செய்யக்கூடியவை 10 என்று போகிறது பட்டியல்.

இரும்பை உருக்கி அடிக்கிற ஓர் இடத்திலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவான வேலைகள் பலம் கேட்காதவை. எண்ணிப் பார்க்கும்வரை இது யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ‘ஃபேக்டரி வேலை’தானே.

நம்முடைய கம்பி வேலையையும் அப்படி எண்ணிப் பார். லாரியிலிருந்து இறக்குவது, தோளில் சுமப்பது, வெட்டுவது, வளைப்பது, ரிங் போடுவது, தளத்தில் குனிந்து கொக்கியால் கட்டுக்கம்பி முறுக்குவது: இவை முதுகைக் கேட்கிற வேலைகள். டிராயிங் படிப்பது, எந்த அளவில் எத்தனை கம்பி என்று பட்டியல் போடுவது, வந்த லோடைச் சரிபார்ப்பது, 12 மீட்டர் கம்பியைத் துண்டு வீணாகாமல் எப்படி வெட்டலாம் என்று திட்டமிடுவது, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் முன் பார்ப்பது, புதுப் பையன்களுக்குச் சொல்லித்தருவது: இவை முதுகைக் கேட்காதவை. ஆனால் முதல் வரிசை வேலையைப் பல வருஷம் செய்தவனுக்குத்தான் இரண்டாம் வரிசை ஒழுங்காக வரும். பீமும் தூணும் சேருகிற இடத்தில் கம்பி நெருக்கமாக விழுந்தால் வைப்ரேட்டர் ஊசி உள்ளே போகாது, கான்கிரீட்டில் ஓட்டை விழும் என்பது உனக்குக் கைப்பழக்கம். புதிதாகப் படித்துவிட்டு வந்த இன்ஜினியருக்கு அது கம்ப்யூட்டரில் தெரியாது.

எனக்கு வழி திறந்தது ஒரு லாரி லோடில்தான். இடுப்பு வலியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். இறங்கிய 16 எம்.எம். கம்பியைப் பார்த்ததும் ஏதோ இளைத்த மாதிரி இருந்தது. பழைய கணக்கில் அது அஞ்சு நூல் கம்பி. அங்குலத்துக்கு எட்டு நூல் என்று நம் தாத்தா காலத்து மேஸ்திரிகள் சொல்வார்கள். மூணு நூல் என்றால் இன்றைய 10, நாலு நூல் 12, ஏறக்குறைய. கையில் பிடித்தால் நூல் தெரியும் எனக்கு. கான்ட்ராக்டரிடம் சொன்னேன். ஒரு மீட்டர் துண்டு வெட்டித் தராசில் வைத்தார்கள். ஒரு கிலோ 400 கிராம்கூட இல்லை. லோடு திரும்பிப் போனது. அடுத்த வாரத்திலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றினார்.

அந்த எடைக் கணக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன், இதுதான் உனக்கு முதல் பாடம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 16-க்கு 256, 162-ஆல் வகுத்தால் 1.58 கிலோ. 12 மீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய 19 கிலோ. 10 எம்.எம். மீட்டருக்கு 0.617, 12 எம்.எம். 0.889. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய் என்று தெரியும். ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பை அதால் பெருக்கினால் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தது போலத்தான் வருகிறது. எடை கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே இடம் தருகிறது: 10 எம்.எம். வரை நூற்றுக்கு 7, அதற்கு மேல் 16 வரை 5, அதற்கும் மேல் 3. அந்த எல்லையைத் தாண்டினால் சண்டை போடு.

‘எட்டாவதோடு நின்றவன் நான், கணக்கு எப்படி வரும்?’ என்பாய். நானும் எட்டாவதுதான். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் ஸ்டோரில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கஷ்டமாக இருந்தது டிராயிங்தான்; ஒரு தளத்தின் வரைபடத்தையும் அதே தளத்தில் கட்டிய கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று மாதம் ஆனது. உனக்கு வயதிருப்பதால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிடு. அதன் பிறகு ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது, சர்வேயரும் இருக்கிறது. இந்த வயதில் பையன்களோடு பெஞ்சில் உட்கார வெட்கமாகத்தான் இருக்கும்.

கூலி குறையும். மறைக்கமாட்டேன். எனக்கு முதல் ஆறு மாதம் பாதிதான் கிடைத்தது. உன் அத்தை தையல் மிஷின் ஓட்டித்தான் வீடு நடந்தது. கூட வேலை செய்தவர்கள் ‘என்ன, சூப்பர்வைசர் சார்’ என்று கிண்டல் செய்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு இப்போது முட்டி போய்விட்டது.

இன்னொன்று. அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் உடல் ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, பொருத்தமான வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்கிறது. இதற்கு முன்பிருந்த 1995 சட்டத்திலும் இது இருந்தது. கால் எடுக்கப்பட்ட குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நம்மைப் போல நாள்கூலிக்குப் போகிறவனுக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. ஊரின் கட்டடங்களையெல்லாம் கட்டியவர்கள் நாம்தான், ஆனாலும் நிலைமை இது. நமக்கென்று இருப்பது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வசூலிக்கும் பணம் அதற்குப் போகிறது. 60 வயதில் ஓய்வூதியம் உண்டு, வேலை செய்ய முடியாமல் முடங்கியவர்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. உன் அட்டையைப் புதுப்பித்தாயா என்று அக்காவிடம் கேட்டேன்; எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்றாள். பீரோவில் தேடு. இல்லாவிட்டால் புதிதாகப் பதிவு செய். ஸ்டோருக்கு மாறினாலும் அட்டையை விடாதே. ஸ்கேன் படம், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வை.

உனக்கு இவ்வளவு எழுதுகிறேனே, உன் அம்மாவுக்கு யார் இப்படி எழுதினார்கள்? பதினெட்டு வருஷம் சித்தாளாகத் தலையில் ஜல்லிச் சட்டி சுமந்தாள். கழுத்து போனதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கம்பிக்காரன் மேஸ்திரியாகலாம், கொத்தனார் கான்ட்ராக்டராகலாம். சித்தாளுக்கு ஏறிப்போக ஒரு படிகூட யாரும் வைக்கவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளிடம் கோபமாகப் பேசாதே, அது போதும் இப்போதைக்கு.

வலி தணிந்து, படியேற முடிகிறபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன். பைக்கில் வராதே. இங்கே ஒரு விடுதியின் தூண் டிராயிங் என்னிடம் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து அதற்குக் கம்பிப் பட்டியல் போடலாம். டேப்பும் கால்குலேட்டரும் என்னிடம் உண்டு. வரும்போது கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று மட்டும் வாங்கி வா.

உன் மாமா