நொடிக்கு எத்தனை குண்டு?

கேள்வி: மாதம் ஒருமுறை நண்பர்களோடு காட்டு மைதானத்தில் பெயிண்ட்பால் விளையாடுகிறேன். வாடகை மார்க்கரில் விரல் வலிக்க ட்ரிகரை இழுத்தாலும் நொடிக்கு ஐந்தாறு குண்டுக்கு மேல் போவதில்லை. எதிரணியில் ஒருவர் எலெக்ட்ரானிக் மார்க்கரால் பொழிந்து தள்ளுகிறார். சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். சுடும் வேகத்துக்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

பதில்: காட்டில் மட்டும்தான் ஆடுகிறீர்கள் என்றால், வேண்டாம்.

இந்த விளையாட்டின் முதல் ஆட்டமே உங்கள் கேள்விக்கு ஒரு பதில். 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹெனிக்கர் ஊர்க் காட்டில் 12 பேர் ஆடினார்கள். கையில் இருந்தவை மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளமிடச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் துப்பாக்கிகள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், வனத்துறை அனுபவம் உள்ளவர். ஒரு குண்டுகூடச் சுடாமல், காட்டில் வைத்திருந்த கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வந்துவிட்டார்! அன்று எல்லோர் கையிலும் அதே மந்தமான கருவிதான் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

வேகம் உண்மையிலேயே பலன் தரும் இடம் ஒன்று உண்டு. காற்றடைத்த பங்கர்கள் நிற்கும் ஸ்பீட்பால் மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் முதல் சில நொடிகள். எதிராளி எந்த வழியாக எந்த பங்கருக்கு ஓடுவார் என்று தெரியும். ஆளைப் பார்த்துச் சுடாமல், அவர் கடக்க வேண்டிய கோட்டின் மேல் இடைவிடாமல் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் நொடிக்கு 6 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் நொடிக்கு ஐந்து குண்டு சுட்டால், ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் 1.2 மீட்டர் நகர்ந்திருப்பார்; தப்பிப்பது எளிது. பத்து என்றால் 60 சென்டிமீட்டர். பதினைந்து என்றால் 40 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓடுகிற உடம்பின் அகலம். அதற்குமேல் நழுவ இடமே இல்லை. அமெரிக்கப் போட்டித் தொடர்களில் ஒரு காலத்தில் 15 வரை இருந்த உச்சவரம்பு பின்னால் பத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறக்கப்பட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

காட்டில் இந்தக் கணக்குச் செல்லாது. ஓடும் வழி தெரியாது. பாதிக் குண்டுகள் சுள்ளியில் பட்டு உடையும். மரத்துக்குப் பின்னால் இருப்பவரைத் தலை தூக்கவிடாமல் செய்ய நொடிக்கு இரண்டு குண்டு மரத்தின் விளிம்பில் பட்டாலே போதும். அந்த நேரத்தில் உங்கள் நண்பர் பக்கவாட்டில் சுற்றிப் போனால் வேலை முடிந்தது. பொழிந்து தள்ளுபவரோ தான் இருக்கும் இடத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேகமாகச் சுட்டால் குண்டு தூரம் போகும் என்றும் சிலர் நம்புகிறார்கள். போகாது. குண்டு பாயும் வேகம் தனி விஷயம். பெரும்பாலான மைதானங்களில் அது நொடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது, யார் கையில் எந்த மார்க்கர் இருந்தாலும். சொல்லப்போனால் கார்பன் டை ஆக்ஸைடு டேங்க்கில் நடப்பது தலைகீழ். விடாமல் சுடச்சுட டேங்க் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். கடைசிக் குண்டுகள் வழியிலேயே விழும். உயரழுத்தக் காற்று டேங்க் இதில் எவ்வளவோ மேல்.

கடைக்காரர்கள் அதிகம் பேசாத இன்னொன்று, மார்க்கர் மேல் குண்டுகளை நிரப்பி வைக்கும் ஹாப்பர். தன் எடையால் குண்டு விழும் சாதாரண ஹாப்பரை எலெக்ட்ரானிக் மார்க்கர் மேல் மாட்டினால், குண்டு முழுதாக இறங்குமுன் போல்ட் வந்து அதை நறுக்கிவிடும். உள்ளே, பேரலில், எங்கும் பெயிண்ட். அதன்பின் சுடுவது எதுவும் நேராகப் போகாது. மோட்டார் வைத்த ஹாப்பரும், குண்டு இறங்கியதா என்று பார்க்கும் சென்சாரும் இல்லாமல் அந்த வேகத்தை வாங்குவதில் அர்த்தமில்லை. இரண்டும் இருந்தாலும் 200 குண்டு ஹாப்பர், நொடிக்குப் பத்து வீதம், 20 நொடியில் காலி. குண்டுக்கும் நீங்கள்தானே காசு கொடுக்க வேண்டும்?

என்னைக் கேட்டால், முதலில் பனி படியாத இரட்டைக் கண்ணாடி முகக்கவசம் வாங்குங்கள். எதிரில் ஆள் தெரியாவிட்டால் எத்தனை சுட்டு என்ன? அடுத்து நல்ல ஹாப்பர். பிறகு டிப்மேன் 98 மாதிரி உழைக்கக்கூடிய, எளிதில் கழற்றித் துடைக்கக்கூடிய மெக்கானிக்கல் மார்க்கர். ஸ்பீட்பால் பக்கம் போகும் எண்ணம் வந்தால் எலெக்ட்ரானிக் பற்றி அப்போது யோசிக்கலாம்.

அந்த எதிரணி நண்பரைப் பற்றி ஒன்று. சில எலெக்ட்ரானிக் மார்க்கர்களில் ‘ரேம்பிங்’ என்ற அமைப்பு உண்டு. ட்ரிகரைச் சற்று வேகமாக இழுக்கத் தொடங்கினால் போதும், மீதிக் குண்டுகளைச் சர்க்யூட்டே சேர்த்துச் சுட்டுவிடும். பொழுதுபோக்கு ஆட்டங்களில் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு என்பதே பல மைதானங்களின் விதி. அடுத்த ஆட்டம் தொடங்குமுன் உங்கள் மைதானத்தில் விதி என்ன என்று நடுவரிடம் கேளுங்கள். ரேம்பிங்கிற்குத் தடை என்றால், அவருடைய மார்க்கரைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.