ராத்திரியில் லென்ஸுக்கு லீவு!

கண்ணாடிக்குப் பதிலாக கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் நம் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கமும் இருக்கிறார்கள். போடுவதும் எடுப்பதும் உங்களுக்குத் தெரியும். காசும் கண்ணும் சேதமாகாமல் இருக்க இதோ சில குறிப்புகள், தோழிகளே!

1. லென்ஸோடு தூங்கவே கூடாது. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, காற்றில் இருந்துதான் பிராணவாயு எடுத்துக்கொள்ளும். இமை மூடி, நடுவில் லென்ஸும் இருந்தால் கருவிழிக்கு மூச்சு முட்டும், கிருமி சுலபமாக ஒட்டும். 1989-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது; இரவிலும் போடும் ரகத்தை வைத்திருந்தவர்களில் சுமார் 21 பேருக்கு வந்தது. டாக்டரே அளவெடுத்து இரவில் மட்டும் போடச் சொல்லும் ஆர்த்தோ-கே ஹார்டு லென்ஸ் வேறு சங்கதி, அதை அவர் கண்காணிப்பில்தான் போட வேண்டும்.

2. மறதிக்கு ஒரு வழி: லென்ஸ் டப்பாவை செல்போன் சார்ஜர் பக்கத்தில் வையுங்கள். போனை சார்ஜில் போடாமல் யாரும் படுப்பதில்லை, அப்போதே லென்ஸும் கழன்றுவிடும். மத்தியானக் குட்டித் தூக்கத்துக்கும் இதே சட்டம்தான்.

3. பொதிகை ரயிலிலோ ஆம்னி பஸ்ஸிலோ சென்னைக்குக் கிளம்பும் நாளில், லென்ஸை வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு ஏறுங்கள். ஆடும் ரயிலில், அந்த வாஷ்பேசினில் கைகழுவி லென்ஸ் எடுப்பது நடக்கிற காரியமா? அசதியில் அப்படியே தூங்கிப்போவதுதான் நடக்கும்.

4. தப்பித்தவறி தூங்கிவிட்டால், எழுந்ததும் லென்ஸைப் பிய்த்து எடுக்காதீர்கள். லென்ஸுக்கு ஏற்ற சொட்டு மருந்தை இரண்டு சொட்டு விட்டு, கொஞ்சம் கண்சிமிட்டி, அது வழுக்கி நகர ஆரம்பித்த பிறகு எடுங்கள். அன்று முழுக்கக் கண்ணாடிதான்.

5. குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்திருந்து டிரம்மிலும் சிண்டெக்ஸிலும் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. அந்தத் தண்ணீரில் அகாந்தமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி இருக்கலாம். லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டிவரும். காய்ச்சின தண்ணீர், வீட்டில் கலக்கின உப்புத்தண்ணீர், பன்னீர், எச்சில் எதுவும் லென்ஸில் படக் கூடாது, குளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

6. சொல்யூஷனில் மிச்சம் பிடிக்காதீர்கள். நேற்றைய சொல்யூஷன் மேலேயே புதிதை ஊற்றினால் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்துவிடும், கொஞ்சம் ஊற்றினாலும் வீண்தான். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வையுங்கள். டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

7. மிளகாய் வத்தல் கிள்ளுகிற நாளில் லென்ஸ் போட்டு முடித்துவிட்டுப் பிறகு வத்தலைத் தொடுங்கள். சாயங்காலம் கழற்றும் முன், கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு இரண்டு தடவை சோப்புப் போடுங்கள். காரம் எண்ணெயில்தான் கரையும், வெறும் தண்ணீருக்கு அசையாது. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கையைத் துடைத்த பிறகே கண்ணைத் தொட வேண்டும்.

8. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் போகிறவர்கள் வேலை நேரத்தில் கண்ணாடியே போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத் தூளும் கந்தகத் தூசியும் காகிதத் தூசியும் லென்ஸுக்கு அடியில் புகுந்தால், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியை அராவும். மருந்து தெறித்துவிட்டால் லென்ஸைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கழுவிக்கொண்டே லென்ஸை எடுங்கள். தண்ணீர் படக் கூடாது என்ற சட்டம் அந்த நேரத்துக்கு இல்லை.

9. கல்யாண வீட்டுக்கு மை தீட்டும் முன் லென்ஸ், மை கலைக்கும் முன் லென்ஸைக் கழற்றல். இந்த வரிசை மாறக் கூடாது. ஃபேன்ஸி ஸ்டோர் கலர் லென்ஸை அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

10. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் விடாதீர்கள்; மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. நம் பக்கத்து வெயிலிலும் புழுதியிலும் பூஞ்சைக் காளானால் வரும் கருவிழிப் புண் அதிகம், ஸ்டீராய்டு பட்டால் அது செழித்து வளரும். இந்தப் புண்ணுக்கு நாட்டமைசின் சொட்டு மருந்தே மேல் என்று 2013-ல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு, மதுரை அரவிந்த் உள்ளிட்ட நம் ஊர் ஆஸ்பத்திரிகளில்தான் நடந்தது. போகும்போது லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், கிருமி எது என்று அதிலேயே பரிசோதித்துப் பார்க்க முடியும்.

11. மாற்றுக் கண்ணாடி ஒன்று சரியான பவரில் கட்டாயம் இருக்கட்டும். கண்ணாடி இல்லாதவர்கள்தான் சிவந்த கண்ணிலும் லென்ஸ் போடுகிறார்கள். பழைய ஃப்ரேம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், செலவு மிச்சம்.

12. லென்ஸே வேண்டாம், லேசர் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறீர்களா? இதற்கு அடிப்படையான எக்ஸைமர் லேசர் வித்தையை 1981-ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 18 வயது முடிந்து, ஒரு வருஷமாகப் பவர் மாறாமல், கருவிழி போதுமான தடிமனாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். லாசிக்கில் கருவிழியில் மெல்லிய மூடி வெட்டுவார்கள், பிஆர்கே-யில் மூடி இல்லை, ஆனால் ஆற நாளாகும். ஸ்மைல் முறையில் சின்னக் கீறல் போதும். கருவிழி மெலிந்தவர்களுக்கும் பவர் மிக அதிகமானவர்களுக்கும் கண்ணுக்குள்ளேயே வைக்கும் ஐசிஎல் லென்ஸ் இருக்கிறது.

13. லேசருக்கு அளவெடுக்கப் போகும் முன், டாக்டர் சொன்ன நாள் கணக்குப்படி லென்ஸை நிறுத்திவிடுங்கள். சாஃப்ட் லென்ஸுக்கு ஒன்றிரண்டு வாரம், ஹார்டு லென்ஸுக்கு இன்னும் கூடுதல். இல்லாவிட்டால் அளவு தவறி, மறுபடி அலைய வேண்டியிருக்கும். 40 வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

14. இன்ஷூரன்ஸ் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பவர் 7.5-க்குக் கீழே என்றால் பெரும்பாலான மருத்துவப் பாலிசிகளில் லேசர் செலவு கிடைக்காது; 7.5 அல்லது அதற்கு மேல் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

15. லேசர் முடிந்ததும், அதற்கு முன் எடுத்த கண் அளவு ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்காலத்தில் கண்புரை ஆபரேஷன் வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தக் காகிதம் உதவும். ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கும் ஃபைலிலேயே அதையும் சொருகி வையுங்கள்.