காய்ச்சல் பரவும் காலத்தில் மூட்டுவாத மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. எங்கள் ஊரில் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதம் பத்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், கொஞ்சம் ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தார். 2020 ஊரடங்கின்போது, 'இந்த மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அதன்பின் விரல்கள் வீங்கி வளைந்துவிட்டன. இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வது?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில் (மூட்டுவாத சிகிச்சை மருத்துவர்): உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஓடவில்லை, பயத்துக்குப் பதில் சொல்ல ஆளும் இல்லை. ஊரடங்கு தளர்ந்தபோது, ஜாக்கெட் கொக்கியைக்கூட மகள்தான் மாட்டிவிட வேண்டும் என்ற நிலையில் வந்த அம்மாக்களைப் பார்த்தேன். அவர்களில் பலருக்குக் கொரோனா வரவே இல்லை. மாத்திரையை விட்டதுதான் கையை முடக்கியது.

உங்கள் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. தினமும் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் எடுத்தவர்கள் கொரோனாவில் அதிகமாக மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டவர்களுக்கும் ஆபத்து கூடியது. ஆனால் வாதம் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்கும் அதே கதிதான். நோயை அடக்கி வைப்பதும் ஒரு பாதுகாப்பு என்பதை நாங்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை. நோய் அடங்கியிருக்கும் நல்ல நாட்களிலேயே ஸ்டீராய்டு அளவை மருத்துவர் மூலம் படிப்படியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதை வேறு. 2020 மார்ச்சில், மருத்துவப் பணியாளர்கள் தற்காப்பாக அதைச் சாப்பிடலாம் என்று ஐ.சி.எம்.ஆர். சொன்னதும், தேவையில்லாதவர்களும் வாங்கி அடுக்கினார்கள். லூபஸ் நோயுள்ள ஒரு பெண் காலி அட்டையைக் காட்டி, "ஏழு கடை ஏறி இறங்கிட்டேன் டாக்டர்" என்றார். கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலனில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு ஜூனில் சொல்லிவிட்டது. அதே ஆய்வுதான், ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு காக்கிறது என்று காட்டியது. முடக்குவாதத்துக்கு நாங்கள் போடும் டோசிலிசுமாப் ஊசியும் பிறகு கைகொடுத்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஊரில் தொற்று பரவுகிறது, ஆனால் அம்மா நன்றாக இருக்கிறார் என்றால் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கே காய்ச்சல் வந்தால், அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடும் முன் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் தணியும்வரை அதை நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அது வாரம் ஒரே நாள் மட்டும் போடும் மருந்து. விட்டுப்போனதை ஈடுகட்ட தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள்.

ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது. பல மாதம் சாப்பிட்டவரின் உடல், தனக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்க மறந்திருக்கும். திடீரென்று விட்டால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகும். காய்ச்சல் நேரத்தில் சிலருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து படுத்தாலோ உடனே கூட்டிச் செல்லுங்கள்.

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். இரண்டிலும் உயிருள்ள கிருமி கிடையாது. ஃப்ளூ ஊசிக்குப் பின் மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோய் அடங்கியிருந்தால் சரி என்பார்கள். மருந்துப் பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று எப்போதும் அம்மாவின் பர்ஸில் இருக்கட்டும். ஒரு மாத மாத்திரை கூடுதலாகக் கையிருப்பில் வையுங்கள்.

வளைந்த விரல்கள் மாத்திரையால் நேராகாது. மீதி மூட்டுகளைக் காப்பாற்ற முடியும். அம்மா இன்னும் மருந்தில்லாமல் இருந்தால், பழைய சீட்டைப் பார்த்து நீங்களே தொடங்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்த்துதான் தொடங்க வேண்டும். இந்த வாரமே மூட்டுவாத மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.