கடைமடையில் ஒரு கொடிக்கால் குடும்பம்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருமிடம் எங்கள் புன்னைக்காயல். தந்தையும் தமையனும் கடலுக்குச் செல்லும் வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். ஆதலால் உழவர் வாழ்வைப் பாடப்புத்தகத்தில் படித்தோமேயன்றி அருகிருந்து கண்டதில்லை. அக்குறை தீர ஒரு சனிக்கிழமை, பக்கத்திலுள்ள ஆத்தூருக்குப் புறப்பட்டோம்.

ஆத்தூர், முக்காணி வட்டாரத்தில் நெல்லும் வாழையும் உண்டு; பெயர் பெற்றதோ வெற்றிலை. வெற்றிலைத் தோட்டத்தைக் கொடிக்கால் என்பர். முதலில் பாத்தி கட்டி அகத்தி விதைக்கின்றனர். அது வளர்ந்தபின் அதன் அடியில் வெற்றிலைக் கொடித்துண்டுகளை நடுகின்றனர். கொடி பற்றி ஏறுவதும் அகத்தியை; கொடிக்கு நிழல் தருவதும் அகத்தி; அதன் தழையோ வீட்டு ஆடுகளுக்குத் தீனி. கொடி ஏற ஏற அதை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும். இலை கிள்ளுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நாங்கள் கண்ட அண்ணாச்சிக்குச் சொந்த நிலமில்லை, குத்தகை நிலந்தான். கிள்ளி வந்த இலையை அவர் தாயாரும் மனைவியும் திண்ணையில் அமர்ந்து சக்கை, மாற்று, ராசி, சன்னம் எனத் தரம் பிரிக்கின்றனர். நூறு இலை ஒரு கவுளி. பாட்டி எங்களோடு பேசிக்கொண்டே எண்ணினார், கணக்குப் பிசகவில்லை. நாங்கள் எண்ணிய முதல் கவுளியில் 97, அடுத்ததில் 104! எங்கள் வயதொத்த அவ்வீட்டுப் பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இவ்வேலையில் உதவுகிறாளாம். எங்களைப் பார்த்து அவள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றிக் கேட்டோம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான திருவைகுண்டத்திலிருந்துதான் இவர்களுக்குப் பாசனம். மேலே பலரும் எடுத்ததுபோக மிஞ்சுவதே கடைமடைக்கு. கோடையில் ஆறு மெலிந்தால் கடல்நீர் மேலேறி, கிணறும் உவர்க்கும்.

“உங்க வீட்டுல காத்தைப் பார்த்துப் படகு தள்ளுவாக. நாங்க வாய்க்காலைப் பார்த்துக் காத்துக் கெடப்போம் மக்களே” என்றார் பாட்டி.

ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல். அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியது. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! எங்கள் ஊரும் வெள்ளத்தால் சூழப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் எங்களைக் கடந்து கடலுக்குப் போன அந்த வெள்ளம், வழியில் எதை எடுத்துக்கொண்டு வந்தது என்று அன்று யோசித்தோமில்லை. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும். தேங்கிய நீரோ ஆகாது, வேர் அழுகிவிடும். இவர்கள் கொடிக்கால் முழுவதும் அப்படித்தான் போயிற்று. குத்தகைப் பணமும் நடவுக்கு வாங்கிய கடனும் தலைமேல் நின்றன.

“வேறு தொழில் பார்க்க நினைக்கவில்லையா?” என்றோம். அண்ணாச்சி உடனே பதில் சொல்லவில்லை. நீர் வடிந்தபின் சேற்றை வாரிவிட்டு, மறுபடி அகத்தி விதையிலிருந்தே தொடங்கியதாக அவர் மனைவிதான் சொன்னார். கைச்செலவுக்கு அவ்வம்மையார் பிறர் வாழைத்தோட்டத்தில் கூலிவேலை செய்தாராம். மகளின் படிப்பை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை என்று அழுத்திச் சொன்னார்.

புறப்படும்போது எங்கள் பாட்டிமாருக்கென்று இரண்டு கவுளி கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த முறை வரும்போது வீட்டிலிருந்து நல்ல கருவாடு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம்.