16-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

கேள்வி: ஆபீஸிலிருந்து வந்ததும் என் கணவர் ஏசி ரிமோட்டை எடுத்து 16-ல் வைத்துவிடுகிறார். ‘சீக்கிரம் குளிர்ந்துவிடும், சீக்கிரம் ஆஃப் பண்ணிவிடலாம், கரண்ட் மிச்சம்’ என்பது அவர் கணக்கு. 24 போதும் என்பது என் கட்சி. 24-ல் வைத்தால் புழுங்குகிறது என்கிறார் மாமியார். மூவரில் யார் சொல்வது சரி? மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு; ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. போன தடவை கரண்ட் பில்லைப் பார்த்து வயிறு எரிந்துவிட்டது.
— ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் சொல்வது தவறு. நீங்கள் சொல்வது சரி. ஆனால் விஷயத்தின் வேரைத் தொட்டவர் உங்கள் மாமியார்தான். சண்டை மூட்டுவதாக நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

கணவரின் கணக்கிலிருந்து தொடங்குவோம். வெளியே மாட்டியிருக்கும் பெட்டிக்குள் கம்ப்ரஸர் இருக்கிறது. கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப் அது. ஏசி இழுக்கும் கரண்ட்டில் பெரும்பங்கு அதற்குத்தான். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் அறை 34 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 24 கேட்டாலும் 16 கேட்டாலும், அந்த நேரத்தில் கம்ப்ரஸர் தன்னால் முடிந்த முழு வேகத்தில்தான் ஓடும். பிராட்வேயில் ஏறி கிண்டியில் இறங்க வேண்டியவர் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் வேகமாகப் போய்விடுமா? இன்வெர்ட்டர் ஏசியில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். 24-ஐ நெருங்கும்போது அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 16 கேட்டிருந்தால் குறைக்காது. அதனால் கடைசி ஒன்றிரண்டு டிகிரியில் சில நிமிஷம் முந்தலாம். உங்கள் கணவருக்கு நான் கொடுக்கக்கூடிய ஆறுதல் அவ்வளவுதான்.

(இன்வெர்ட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஏசி ஓடுமா என்று மாதத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். ஓடாது. பேட்டரி வைத்த பெட்டிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் மின்னணு ஏற்பாட்டுக்கு இங்கே அந்தப் பெயர்.)

செலவு எங்கே ஏறுகிறது என்றால், கிண்டி வந்தும் இறங்காமல் தூங்கிவிடுவதில். சீக்கிரம் ஆஃப் பண்ணுவதாகச் சொன்னவர் பத்தரைக்குத் தூங்கிப்போவார். மே மாதத்தில் 16 டிகிரியைப் பல வீடுகளில் ஏசியால் எட்டவே முடியாது. ஆகவே அது விடிய விடிய விரட்டிக்கொண்டே இருக்கும். ரெண்டு மணிக்கு எல்லாரும் போர்வையைத் தேடுவீர்கள். வெளியே 30, உள்ளே 24 என்றால் வித்தியாசம் ஆறு டிகிரி. உள்ளே 18 என்றால் பன்னிரண்டு. சுவர் வழியாக வெப்பம் உள்ளே வருவது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. இரட்டிப்பானால் வரவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. ஏசிகளில் ஸ்டார் ஸ்டிக்கரைக் கொண்டுவந்த அமைப்புதான் அது. 2020 ஜனவரி முதல் ஸ்டார் போட்ட ஏசிகள் கடையிலிருந்து வரும்போதே 24-ல் வைக்கப்பட்டு வர வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். உங்கள் கட்சிக்கு அரசாங்க ஆதரவே இருக்கிறது.

இனி மாமியார். ‘24-லும் குளிர்கிறது, ஆனாலும் புழுங்குகிறது’ என்று ஒருவர் சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. குளிர்ச்சி வேறு, புழுக்கம் வேறு. ரிமோட்டில் தெரியும் எண் காற்றின் வெப்பத்தை மட்டும் சொல்கிறது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நம் உடம்பு வேர்வை உலர்வதால் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் வேர்வை எங்கே உலரும்?

ஏசி என்ற யோசனையே ஈரத்தோடு நடந்த சண்டையில் பிறந்ததுதான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் ஊதிப்போய், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காரவில்லை. அந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் தன் இயந்திரத்தை வடிவமைத்தார். மனிதருக்கு வேர்க்கிறதே என்று யாரும் அன்று கவலைப்படவில்லை. சிவகாசி அச்சகக்காரர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

உங்கள் ஏசியும் அதையேதான் செய்கிறது. உள்பெட்டியில் சில்லென்று இருக்கும் குழாய் அடுக்குக்குக் கூலிங் காயில் என்று பெயர். அறைக் காற்று அதில் படும்போது, ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல, ஈரம் துளித்துளியாகப் படிந்து ட்ரெயின் பைப் வழியே போய்விடுகிறது. அறை 24-ஐத் தொட்டதும் கம்ப்ரஸர் வேகம் குறைகிறது, காயிலின் சில்லிப்பும் குறைகிறது, ஈரம் பிடிப்பதும் குறைகிறது. மாமியார் புழுங்குகிறது என்று சொல்வது சரியாக அந்த நேரத்தில்தான். அறைக்கு மிஞ்சின டன் வாங்கினாலும் இதே கதி. பெரிய ஏசி மளமளவென்று குளிரவைத்துவிட்டு, ஈரத்தை எடுக்க நேரமில்லாமல் ஓய்ந்துவிடும். டன் என்பது எடையைக் குறிப்பதில்லை. ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாள் முழுக்க உருகிக் கொடுக்கும் குளிர்ச்சி அது. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறைக்கு இரண்டு டன் வேண்டாம்.

இங்கே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று ராத்திரி பால்கனியில் ட்ரெயின் பைப்புக்கு அடியில் ஒரு பக்கெட் வையுங்கள். காலையில் அளந்து பாருங்கள். காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நடுத்தர ஏசி ஒன்று, ஒரு யூனிட் கரண்ட்டுக்கு மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். வகுத்துப் பார்த்தால் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு யூனிட் கரண்ட்.

என் வீட்டில் முதல் தடவை வைத்தபோது ஒன்பது லிட்டர் இருந்தது. இரண்டே பேர் படுக்கும் அறை. மூச்சிலும் வேர்வையிலும் அவ்வளவு ஈரம் வராது. தேடிப் பார்த்ததில், அறையை ஒட்டிய பாத்ரூமின் வெண்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் சாய்ந்தபடியே திறந்திருந்தன. பாத்ரூம் கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து. வருஷக்கணக்காக நான் சென்னைக் கடற்காற்றை பக்கெட் பக்கெட்டாகப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறேன்! ஏசி பற்றி ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே. வெண்டிலேட்டருக்கு ஓர் அக்ரிலிக் ஷீட்டும் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டையும் வைத்தபின் பக்கெட்டில் ஐந்து லிட்டர்தான். ராத்திரிக்கு முக்கால் யூனிட் மிச்சம். ஈரத்தோடு வந்த சூடு தனி. (குளித்து முடித்ததும் வெண்டிலேட்டரைத் திறந்து பாத்ரூமை உலரவிடுங்கள். ஏசி போடும் நேரத்துக்கு மட்டும்தான் மூடச் சொல்கிறேன். பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர் இருக்கும் வீடுகளில் இந்த வேலையே வேண்டாம், ஆபத்து.)

இப்படிச் சந்துபொந்துகளை அடைத்தபின் மாமியாருக்கு இரண்டு சலுகை செய்யுங்கள். சீலிங் ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு, ஏசியை 25, 26-க்கு ஏற்றிப் பாருங்கள். காற்று உடம்பில் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு. ஏசியோடு ஒப்பிட்டால் கொசுறு. அப்படியும் புழுங்கினால் ரிமோட்டில் ‘டிரை’ என்றிருப்பதை அழுத்துங்கள். அது உள்பெட்டியின் காற்றை மெதுவாக்கும். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் சில்லிடும், ஈரம் அதிகம் இறங்கும்.

மொட்டைமாடிக்குக் கீழ் வீடு என்கிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுவென்று இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரிதான் அதைக் கீழே கக்குகிறது. காற்று 24-ல் இருந்தாலும் தலைக்கு மேலே ஒரு தோசைக்கல் இருந்தால் உடம்பு அதை உணரும். பழைய சென்னை வீடுகளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதித்தது சும்மா இல்லை. ஓடு பதிக்க இப்போது வசதிப்படாவிட்டால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை ஏப்ரலுக்கு முன்பே அடித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். என் அனுபவத்தில் ஏசிக்குச் செலவழிக்கும் ஆயிரங்களைவிடக் கூரைக்குச் செலவழிக்கும் ஆயிரங்கள் சீக்கிரம் திரும்பி வருகின்றன.

மற்றவை சில்லறை. வலை ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். வெளிப்பெட்டியைச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்கள். நிழல் நல்லது, ஆனால் தகரம் வைத்து மூடிவிட்டால் அது தான் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். ‘வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ணணும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோவதில்லை, அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்; ஒழுகலை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான்.

கடைசியாக அந்த பில். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வாசற்படி. 2022 செப்டம்பரில் வந்த விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம்; பிறகு விலை மாறியிருப்பதால் உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 500 வரை உள்ளவருக்கு இரண்டாவது நூறு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 501 ஆகிவிட்டால் அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபாய். அதாவது 500-க்கு 1,725 ரூபாய் கட்டியிருக்க வேண்டியவர், ஒரே ஒரு யூனிட் கூடியதால் 1,958 கட்டினார். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

போன தடவை ரீடிங் எடுத்தவர் வெள்ளை அட்டையில் எழுதிய எண்ணைப் பாருங்கள். ஐம்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். 430-க்கு மேல் இருந்தால் அடுத்த பத்து நாளைக்கு ரிமோட் மாமியார் கையில் இருக்கட்டும்.