விருப்பத் தேர்வு: யாருடைய விருப்பம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. பானை முழுதும் ஒரே தீயில், ஒரே நீரில் வெந்திருந்தால் அந்தச் சோதனை பொருந்தும். ஒரு பக்கம் கொதித்தும் மறு பக்கம் வேகாமலும் இருக்கும் பானையில், எந்தப் பருக்கையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறிவிடும். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை இரண்டு மூன்று மணி நேரத் தேர்வொன்றால் அளக்க முற்படும்போதும் இந்த ஐயமே எழுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வையம் நூறாண்டு வாதமாக வளர்ந்து, அண்மையில் ஒரு புதுமையான முடிவைக் கண்டது. “தேர்வு மதிப்பெண்ணை விரும்பினால் அனுப்புக, விரும்பாவிடில் அனுப்ப வேண்டா” என்பதே அம்முடிவு. கேட்பதற்கு இதைவிடப் பெருந்தன்மையான ஏற்பாடு வேறில்லை என்றே தோன்றும். அப்பெருந்தன்மை யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வின் பிறப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கக் கல்லூரிகள் தத்தமக்கெனத் தனித்தனி நுழைவுத் தேர்வு நடத்திவந்தன. இக்குழப்பத்தை நீக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் தோன்றி, 1901இல் தன் முதல் பொதுத் தேர்வை நடத்தியது. அது பாடங்களைக் குறித்த கட்டுரைத் தேர்வு. இன்று எஸ்.ஏ.டி. என வழங்கும் தேர்வு 1926 ஜூன் 23 அன்று, ஏறத்தாழ எண்ணாயிரம் மாணவருக்கு முதன்முதலாக நடத்தப்பெற்றது. அதனை அமைத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளநூல் அறிஞர் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரில் படைவீரருக்கு நடத்திய அறிவுச் சோதனைகளில் பங்கு கொண்டவர் இவர். அச்சோதனைகளை வைத்து இனங்களின் அறிவு ஏற்றத்தாழ்வு பற்றி 1923இல் ஒரு நூல் எழுதினார். 1930இல் அம்முடிவுகள் பிழையானவை எனத் தாமே மறுத்தும் எழுதினார். தேர்வின் எதிர்ப்பாளர் இன்றுவரை இப்பிறப்பு வரலாற்றைச் சுட்டிக் காட்டுவர்.

ஆயினும் அதே தேர்வை ஏழை மாணவனுக்கு வாயில் திறக்கும் திறவுகோலாகக் கண்டவரும் உண்டு. 1933இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், செல்வக் குடியினரின் பள்ளிகளிலிருந்தே மாணவர் வருவதை மாற்ற விரும்பினார். தொலைவிலுள்ள சிற்றூர்ப் பள்ளியில் படிக்கும் திறமிக்க மாணவனைக் கண்டறிந்து உதவித்தொகை அளிக்க, அவர் இத்தேர்வையே கருவியாகக் கொண்டார். 1947இல் கல்வித் தேர்வுப் பணியகம் நிறுவப்பெற்றது, 1959இல் ஏ.சி.டி. என்னும் போட்டித் தேர்வும் பிறந்தது. எஸ்.ஏ.டி.க்கு இன்று 400 முதல் 1600 வரையும், ஏ.சி.டி.க்கு 36 வரையும் மதிப்பெண் உண்டு.

ஆகவே ஒரே தேர்வுக்கு இரண்டு முகங்கள் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டன. வாயிற்காவலன் என்பது ஒரு முகம். வழிகாட்டி என்பது மற்றொரு முகம். பின்னர் எழுந்த வாதம் அனைத்தும் இவ்விரு முகங்களுக்கிடையே நடந்த வாதமே.

விருப்பத் தேர்வு வளர்ந்த வகை

மதிப்பெண்ணை மாணவர் விருப்பத்திற்கு விட்ட முன்னோடி, மெயின் மாநிலத்திலுள்ள போடின் கல்லூரி. 1969இல் அது இம்முடிவை எடுத்தது. அதே மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரி 1984இல் பின்தொடர்ந்தது. நீண்ட காலம் இது சிறு கல்லூரிகளின் வழக்கமாகவே இருந்தது. 2018இல் சிகாகோப் பல்கலைக்கழகம் இவ்வணியில் சேர்ந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. 2020இல் கொள்ளைநோய் பரவித் தேர்வுக்கூடங்கள் மூடப்பட்டன. எழுத இடமில்லாத தேர்வைக் கட்டாயமாக்க முடியாது. இரண்டே ஆண்டுகளில், மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்காத நான்காண்டுக் கல்லூரிகளின் எண்ணிக்கை 1,800ஐத் தாண்டியது.

இங்கே மூன்று முறைகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். அனுப்பினால் பார்ப்போம், அனுப்பாவிட்டால் குறையாகக் கொள்ளோம் என்பது விருப்ப முறை. அனுப்பினாலும் பாரோம் என்பது பாரா முறை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் இதனைக் கைக்கொண்டது. ஏதேனும் ஒரு பொதுத் தேர்வு வேண்டும், எதுவென்பதை மாணவர் தெரிந்துகொள்ளலாம் என்பது நெகிழ்வு முறை. ஏல் பல்கலைக்கழகம் 2024இல் அறிவித்தது இவ்வகை. மூன்றையும் ஒன்றாகக் கருதிப் பேசுவோர் பலர். பயனில் மூன்றும் வேறுவேறு.

இரு தரப்பு வாதங்கள்

தேர்வு வேண்டா என்பார் கூறும் காரணங்கள் வலியுடையன. குடும்ப வருவாய் உயர உயர மதிப்பெண்ணும் உயர்கிறது. பணமுள்ளவர் தனிப் பயிற்சி பெறுவர். தேர்வை இரண்டு மூன்று முறை எழுதுவர். பள்ளி மதிப்பெண்ணோ நான்காண்டு உழைப்பின் பதிவு. 2014இல் பேட்ஸ் கல்லூரியின் முன்னாள் சேர்க்கைத் தலைவர் வில்லியம் ஹிஸ் தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது 33 கல்லூரிகளில் ஏறத்தாழ 1,23,000 மாணவரின் பதிவுகளை ஆராய்ந்தது. மதிப்பெண் அனுப்பியவருக்கும் அனுப்பாதவருக்கும் கல்லூரித் தேர்ச்சிச் சராசரியில் இருந்த வேறுபாடு, நான்கு புள்ளி அளவையில் 0.05 மட்டுமே. அனுப்பாதவர் தகுதியற்றவர் என்ற எண்ணத்தை இது தகர்த்தது.

தேர்வு வேண்டும் என்பாரின் விடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பள்ளிகள் தாராளமாக உயர்தரம் வழங்கும் காலத்தில், எல்லா விண்ணப்பங்களும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. கட்டுரையைப் பிறர் திருத்தித் தரலாம். பரிந்துரைக் கடிதம் பள்ளியின் செல்வாக்கைப் பொறுத்தது. விளையாட்டும் இசையும் பணமின்றிக் கைகூடா. தேர்வில் ஏற்றத்தாழ்வு உண்டென்று அதனை நீக்கினால், எஞ்சி நிற்பவை அதனினும் ஏற்றத்தாழ்வு மிக்கவையாக இருக்கலாம் அல்லவா? 2020 தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆசிரியர் குழுவொன்று, முதலாண்டுத் தேர்ச்சியை முன்கணிப்பதில் தம் பல்கலைக்கழகத்தில் தேர்வு மதிப்பெண்ணே பள்ளி மதிப்பெண்ணை விஞ்சியது என்று கண்டது. தேர்வை உடனே கைவிட வேண்டா என்றும் பரிந்துரைத்தது. ஆட்சிக்குழு அவ்வாண்டு மே மாதம் அதற்கு மாறாக முடிவெடுத்தது. 2025 நவம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகக் குழு, புதிதாகச் சேர்ந்தவருள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கிலேயே தேர்ச்சியின்றி இருப்பதாக அறிக்கை தந்தது. கொள்ளைநோய்க் காலத்துக் கல்வி இழப்பும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.

இரு தரப்பு ஆய்வுகளும் முரண்படுவதேன்? அவை நோக்கிய வாயில்கள் வேறு. அமெரிக்கக் கல்லூரிகளுள் மிகப் பல, விண்ணப்பிப்பவருள் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்வன. அங்கே மதிப்பெண் இன்றியும் தவறு மிகுதியாக நேராது. நூற்றுக்கு ஐந்து பேரையே சேர்க்கும் கல்லூரியிலோ, ஒவ்வொரு சிறு செய்தியும் ஒருவரின் வாழ்வைத் திருப்பிவிடும்.

விருப்பம் வேலை செய்யும் விதம்

இனி நம் பொருளின் நடுவிடத்திற்கு வருவோம். கற்பனையாக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் மதிப்பெண் அனுப்பிய காலத்தில், அதில் சேர்ந்தவருள் நடுப் பாதியினர் 1400க்கும் 1540க்கும் இடையே இருந்தனர் எனக் கொள்க. நாலில் ஒரு பங்கினர் 1400க்குக் கீழ் இருந்தும் சேர்ந்தனர் என்பது இதன் பொருள். இப்போது விருப்ப முறை வருகிறது. 1400க்குக் கீழ்ப்பட்டோர் அனுப்பாது விடுகின்றனர். அனுப்பியவரை மட்டும் கணக்கிட்டுக் கல்லூரி மறு ஆண்டு வெளியிடும் கீழெல்லை 1450 ஆகிறது. முன்னாண்டில் தயங்காது அனுப்பியிருக்கக்கூடிய 1440காரர் இப்போது அஞ்சி மறைக்கிறார். அதற்கு மறு ஆண்டு எல்லை இன்னும் ஏறுகிறது. மாணவர் எவரும் அறிவிற் கூடவில்லை; எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது!

இவ்வேளையில் இரு மாணவரை எண்ணிப் பாருங்கள். இருவரும் பெற்றது 1400. ஒருவர் பெருநகரத்துத் தனியார் பள்ளியில் பயின்றவர்; அங்கே 1400 பெறாதவரே அரியர். மற்றவர் பயின்ற பள்ளியில் சராசரி 1000. சேர்க்கை அலுவலர் மதிப்பெண்ணைப் பள்ளியோடு பொருத்தியே படிப்பர். முதலாமவருக்கு 1400 சாதாரணம். இரண்டாமவருக்கு அது வியத்தகு சாதனை. முதலாமவர் மறைப்பதும் இரண்டாமவர் அனுப்புவதுமே அறிவுடைமை. ஆனால் நடப்பது என்ன? முதலாமவரின் பள்ளியில் ஆலோசகர் உண்டு. அவர் சரியான வழியைச் சொல்லிவிடுவார். இரண்டாமவர் கல்லூரி வெளியிட்ட 1450 என்ற எண்ணை மட்டும் பார்த்துத் தம் ஒரே படைக்கலத்தைத் தாமே உறையிலிட்டுவிடுகிறார்.

இது வெறுங் கற்பனையன்று. டார்ட்மத் கல்லூரியின் ஆசிரியர் நால்வர் தம் கல்லூரிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த மாணவர் பலர் தமக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே அனுப்பாது விட்டிருந்ததைக் கண்டனர். 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2022 மார்ச்சில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் திரும்பியிருந்தது. அங்கே எல்லோரும் நுண்கணிதமும் இயற்பியலும் கற்றாக வேண்டும். உயர்கணக்கு கற்பிக்காத பள்ளியிலிருந்து வரும் திறமையாளரைக் காட்ட வேறு வழியில்லை என்பது அக்கழகத்தின் வாதம். 2024இல் பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியனவும் கட்டாயத்திற்குத் திரும்பின.

ஆகவே என் கருத்து இது: எல்லோரிடமும் கேட்பது ஒரு நேர்மை, எவரிடமும் கேளாதிருப்பதும் ஒரு நேர்மை. விரும்பினால் தருக என்பதோ, விளையாட்டின் விதியை அறிந்தவருக்கே விளையாட்டைக் கொடுப்பதாகும். விருப்ப முறையையே வைத்துக்கொள்ள விரும்பும் கல்லூரி, பள்ளிச் சூழலுக்கேற்ப மதிப்பெண்ணை எவ்வாறு படிக்கிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்கக் கடமைப்பட்டது.

நமக்கு என்ன?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைச் சேர்க்கைக்கு 2022இல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. இவ்விதழைப் படிப்போருள் பலர் அவ்வாயில் வழியே வந்தவர். தமிழகமோ 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்விக்கான தன் நுழைவுத் தேர்வை நீக்கிய மாநிலம். கட்டாயம், நீக்கம் என்னும் இரு முனைகளையே அறிந்த நமக்கு, அமெரிக்காவின் நடுவழி சொல்லும் பாடம் ஒன்றுண்டு: நடுவழி என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

மேற்படிப்பிற்கு அங்கே செல்ல விரும்பும் நண்பர்கட்கு இது நேரடிப் பயனுடையது. முதுகலை, ஆய்வுப் படிப்புகளுக்கான ஜி.ஆர்.இ. தேர்வையும் பல துறைகள் விருப்பமாக்கியுள்ளன. சில துறைகள் அதனை ஏற்பதேயில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் துறைக்குத் துறை விதி மாறும். எனவே துறையின் அறிவிப்பைப் படியுங்கள். ஏற்காத துறைக்கெனத் தேர்வெழுதிப் பொருளை வீணாக்க வேண்டா; கட்டணம் நம் குடும்பங்களுக்குச் சிறிதன்று. விருப்பம் என்றிருக்குமிடத்தில் ஒன்றை எண்ணுங்கள்: என் கல்லூரியின் பெயரையும் அது தரும் மதிப்பெண்ணின் பொருளையும் அங்கே படிப்பவர் அறிவாரா? அறிவார் எனில் நடுத்தர மதிப்பெண்ணை அனுப்புவதில் பயன் குறைவு. அறியார் எனில் உங்கள் நல்ல மதிப்பெண்ணே உங்களுக்காகப் பேசும் சான்று. அச்சிட்ட சராசரியைக் கண்டு அஞ்சி அதனை மறைக்காதீர்கள். ஆங்கில மொழித் தேர்வு இவ்விருப்பத்துள் அடங்காது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். டார்ட்மத் ஆய்வு காட்டிய மாணவருக்கு மதிப்பெண் இருந்தது. அதனை எப்போது காட்டுவது என்று சொல்ல ஆளில்லை. நம் சங்கத்தின் மூத்த மாணவர்கள் ஆண்டுதோறும் விண்ணப்பக் காலத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இளையவர்களின் ஐயங்களைத் தீர்க்கலாம். தமிழகத்துச் சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டால் விடையிறுக்கலாம். அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லும் நாளிலேதான், விருப்பம் என்னும் சொல் எல்லோருக்கும் ஒரே பொருள் தரும்.